கீழ் இழுப்பறையின் வலது ஓரம்

ஐரீன் கையில் சிவப்பு ரிப்பனோடு ஸ்டாலுக்குள் நுழைந்தபோது, வெர்னா ஏற்கெனவே துடைத்து முடித்த பீங்கான் கிண்ணம் ஒன்றை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகத்தில் ஆசை தெரிந்துவிடும், அறுபத்திரண்டு வயதில் அது பார்க்க அழகாக இருக்காது. ஐரீனின் பழுப்புக் காலணிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நாற்காலிகளைக் கடந்தன, கண்ணாடி பதித்த முக்காலியைக் கடந்தன, வெள்ளை அலமாரிக்கு முன்னால் வந்து நின்றன. நின்றன என்றால் ரொம்ப நேரம் நின்றன. வெர்னாவின் கையிலிருந்த துணி கிண்ணத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு காலணிகள் திரும்பி அடுத்த ஸ்டாலுக்குப் போயின. கொஞ்ச நேரத்தில் கத்தரிக்கோல் ரிப்பனைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டது. அடுத்த ஸ்டால் லொரெட்டாவுடையது.

நீதிமன்றச் சதுக்கத்தில் ஒரு காலத்தில் செருப்புக் கடையாக இருந்த கட்டடத்தை ஐரீன் வாங்கி, முப்பது ஸ்டால்களாகத் தடுத்து, ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. பழைய மர சாமான்களை ஏலத்திலும் வீட்டு வாசல் விற்பனையிலும் பொறுக்கி வந்து, பெயிண்ட் அடித்து, அடித்த பெயிண்டை அங்கங்கே தேய்த்து எடுத்து, நூறு வருஷம் ஒரு பண்ணை வீட்டில் இருந்ததுபோல் ஆக்கி விற்பவர்கள்தான் அங்கே பாதிப் பேர். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை ஆப்பிள் திருவிழா. அன்று இண்டியானாபொலிஸ், லூயிவில் மாதிரிப் பெரிய நகரங்களிலிருந்து கார் கார்களாக ஜனம் வந்து இறங்கும், ஊர்வலம் அந்தக் கடையின் முன் ஜன்னலை உரசிக்கொண்டு போகும். அந்தக் கண்ணாடி ஜன்னலில் ஒரே ஒரு பொருளைத்தான் ஐரீன் வைப்பாள். திருவிழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை கடையை அடைத்துவிட்டு ஸ்டால் ஸ்டாலாக நடந்து, தனக்குப் பிடித்ததில் சிவப்பு ரிப்பனைக் கட்டுவாள். வியாழக்கிழமை சாயங்காலம் அது ஜன்னலுக்குப் போகும். அதற்குள் விற்றுவிட்டால் ரிப்பன் அவள் மனதில் இரண்டாவதாக வைத்திருந்த பொருளுக்குப் போகும். விற்ற பொருளை ஜன்னலில் வைத்து ஜனங்களை ஏமாற்றுவது ஐரீனுக்குப் பிடிக்காது.

வெர்னாவுக்கு அந்தக் கடையில் பதினோரு வருஷம். ஒரு முறைகூட ரிப்பன் கிடைத்ததில்லை. லொரெட்டா வந்து மூன்று வருஷம்தான், இது அவளுக்கு மூன்றாவது ரிப்பன்.

போகிற போக்கில் ஐரீன் வெர்னாவின் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். "உன் வெள்ளை அலமாரிக்கும் அவ பெட்டிக்கும் நடுவுல இந்தத் தடவ ரொம்ப யோசிச்சேன் வெர்னா. நூல் இழைதான்."

ஆளைக் கொல்வதற்கு அந்த நூல் இழை போதும். முப்பதாவது இடம் என்று சொல்லியிருந்தால் வெர்னா வீட்டுக்குப் போய் பீன்ஸ் வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பாள்.

லொரெட்டாவின் பெட்டி என்பது இடுப்பு உயரத்தில் மூன்று இழுப்பறைகள் உள்ள ஒரு சாதாரணப் பெட்டிதான். மேலே கொட்டகைப் பலகை ஒன்றை இழைத்துப் போட்டிருந்தாள். உருண்டைக் கால்கள், வெள்ளைப் பீங்கான் குமிழ்கள், உடம்பு முழுக்க வெண்ணெய் நிறம். அதுவரைக்கும் யாரும் செய்யக்கூடியது. ஆனால் கீழ் இழுப்பறையின் வலது ஓரத்தில் வெண்ணெய் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, அடியில் ஒரு பச்சை தெரிந்து, பச்சைக்கும் நடுவில் உள்ளங்கை அளவுக்கு மரம் தெரிந்தது. அந்த மரம் எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளத்தது. கடைக்கு வருகிறவர்கள் ஏனென்று தெரியாமலே அந்த இடத்துக்குத்தான் குனிவார்கள். குனிந்து விரலால் தடவுவார்கள். போன சனிக்கிழமை இரண்டு நகரத்துப் பெண்கள் அப்படித் தடவிக்கொண்டே, இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். லொரெட்டா தலையைச் சொறிந்துகொண்டு சொன்னது தடுப்புக்கு இந்தப் பக்கம் வெர்னாவுக்கு நன்றாகவே கேட்டது.

"அந்த இடத்துல நான் ஒண்ணுமே பண்ணலங்க. வாங்கினப்பவே அப்படித்தான் இருந்துச்சு. சுத்தி மட்டும் அடிச்சேன்."

என்ன ஒரு நடிப்பு என்று வெர்னா நினைத்தாள். தொழில் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்திருக்கிறது, அதிலும் இப்படி ஒரு அப்பாவி முகத்தோடு. அவளுக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, அன்று மத்தியானம் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

வெர்னாவுக்கு இந்த வேலையில் தெரியாதது எதுவுமில்லை. விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு மேல் பூச்சு அடித்தால் அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் உரியும். இரும்பு நாரை வினிகரில் ஊறவைத்த தண்ணீர் புது மரத்தைப் பழைய மரமாக்கும். சங்கிலியால் அடித்தால் பள்ளம், ஆணியால் குத்தினால் புழு துளைத்த ஓட்டை. எல்லாம் செய்வாள், எல்லாம் சுத்தமாகச் செய்வாள். அந்தச் சுத்தம்தான் கோளாறு. இடது மூலையில் இரண்டு அங்குலம் தேய்த்தால் வலது மூலையிலும் இரண்டு அங்குலம் தேய்க்காமல் அவளால் இருக்க முடியாது. குளியல் துண்டுகளை மூன்றாக மடித்து ஓரம் ஓரத்தோடு சேர்த்து அடுக்குகிற கை அது. ஒரு தடவை அவள் புருஷன் ஹார்லன், அவள் குத்திய ஓட்டைகளைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "உன் புழுவெல்லாம் ஸ்கூல்ல லைன்ல நிக்கப் பழகின புழு போல" என்றான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பது வருஷம் உழைத்து இடுப்பு போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பொழுது போக வேண்டுமே. அவள் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அந்த ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி குத்தினாள். அப்போதும் அவை வரிசையாகத்தான் விழுந்தன.

லொரெட்டாவை வெறுத்துத் தொலைக்கவாவது முடிந்திருந்தால் பிரச்சினை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், விவாகரத்தாகி, ஒரு நாயும் ஒரு ஓட்டை வேனுமாக தங்கள் சாலையிலேயே இருந்த மஞ்சள் வீட்டுக்குக் குடிவந்தவளை முதலில் போய்ப் பார்த்தது வெர்னாதான். காபி கேக் கொண்டுபோனாள். பேச ஆளில்லாமல் இருந்தவளுக்கு ஐரீனின் கடையைக் காட்டியதும், பக்கத்து ஸ்டால் காலியாக இருக்கிறது என்று சொன்னதும் வெர்னாதான். வேலியே இல்லாத தோட்டத்துக்கு வழி காட்டிவிட்டு நிற்பதுபோல் ஆகிவிட்டது. லொரெட்டாவின் தலைமுடியில் எப்போதும் பெயிண்ட் இருக்கும், வேன் சீட்டில் நாய் முடி இருக்கும், ஒட்டின மரத்தை இறுக்கிப் பிடிக்க இரவல் வாங்கிப்போன கிளாம்ப் மூன்று மாதம் கழித்து ஒரு கூடைத் தக்காளியோடு திரும்பி வரும். போன குளிர்காலத்தில் ஹார்லனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது பத்து நாள் பனியில் வந்து விறகு அள்ளிப் போட்டவள் அவள். இப்படிப்பட்டவள் மேல் வயிற்றெரிச்சல் வந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வெர்னா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, அவளை நினைத்தே உள்ளுக்குள் பொருமினாள்.

செவ்வாய்க்கிழமை லொரெட்டா பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஏலத்துக்குப் போவாள். வெர்னாவுக்கு அது தெரியும். காலையில் கடை திறந்ததும் கல்லாவுக்குப் போய் நின்றாள். பெட்டியின் விலைச்சீட்டைக் கையில் வைத்திருந்தாள்.

"இது எனக்கு வேணும்" என்றாள். மகள் டெர்ரியின் பிறந்தநாள் வருகிறது, அவளுக்குப் பிடித்த நிறம், என்றாள். லொரெட்டாவிடம் சொல்ல வேண்டாம், தெரிந்தால் சும்மாவே எடுத்துக்கொள் என்று தள்ளிவிடுவாள், நட்புக்குள் அது எதற்கு என்றாள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்த பேச்சு, தடுமாறாமல் வந்தது. டெர்ரியின் பிறந்தநாள் மார்ச்சில்.

ஐரீன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். விலைச்சீட்டை வாங்கி, மணி அடிக்கிற அந்தப் பழைய கல்லா மெஷினில் போட்டாள். பிறகு எழுந்து லொரெட்டாவின் ஸ்டாலுக்குப் போய் ரிப்பனை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. அவிழ்த்த ரிப்பனைக் கட்டை விரலால் நீவிக்கொண்டே வெர்னாவின் ஸ்டாலுக்கு வந்து வெள்ளை அலமாரியின் கைப்பிடியில் கட்டினாள். ரிப்பனில் பழைய முடிச்சு இருந்த இடம் கசங்கித் தெரிந்தது.

"சொன்ன சொல் சொன்னதுதானே. அடுத்தது உன்னோடதுதான்" என்றாள். ஸ்டாலை விட்டுப் போகும்போது, "டெர்ரிக்கு என் வாழ்த்தச் சொல்லு" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

பெட்டியைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்க ஹார்லன்தான் கை கொடுத்தான். இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்து நிமிர்ந்தான். "பந்தயத்துல ஓட முடியலன்னா முன்னால ஓடுற குதிரைய வெலைக்கு வாங்கிடுறது. நல்ல யோசனதான்" என்றான். வெர்னா பெட்டியின் மேல் போர்வையை இழுத்து மூடினாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்றாள். புரிந்ததால்தான் சொல்கிறான் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ஜன்னல் கிடைத்துவிட்டது. அன்று முழுக்க சந்தோஷமாக இருக்க முயன்றாள். சோளரொட்டி சுட்டாள், மகளுக்கு போன் செய்து ஜன்னல் விஷயத்தைச் சொன்னாள், எப்படிக் கிடைத்தது என்பதை விட்டுவிட்டு. ஆனால் ரிப்பன் தன் அலமாரியைத் தேடி வரவில்லை, வேறு வழியில்லாமல் வந்தது என்பது பல்லில் சிக்கிய நார்போல் உறுத்திக்கொண்டே இருந்தது. இனி அடுத்த வருஷம்? அடுத்த வருஷமும் லொரெட்டா ஒன்று செய்வாள். வருஷா வருஷம் வாங்கிக் கொட்டகையில் அடைக்கவா முடியும்? அந்த ஓரத்தை எப்படிச் செய்தாள் என்று தெரிந்துகொள்ளாமல் தனக்கு நிம்மதி இல்லை என்று முடிவுகட்டினாள்.

புதன்கிழமை காலையில் கொட்டகைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, போர்வையை எடுத்துவிட்டு, முக்காலி போட்டு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். உப்புத்தாள் போட்டிருந்தால் கோடு இருக்கும், எவ்வளவு மெல்லிய தாளாக இருந்தாலும் கோடு இருக்கும். இங்கே கோடு இல்லை. ஈரத் துணியால் துடைத்து எடுத்திருந்தால் ஓரம் கட்டியிருக்கும். ஓரமும் இல்லை. மெழுகு வைத்து உரித்திருந்தால் செதில் செதிலாகத் தெரியும். அதுவும் இல்லை. நிறம் தானாகவே சலித்துப்போய் விலகிக்கொண்ட மாதிரி இருந்தது. மூக்கை வைத்து முகர்ந்துகூடப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் கடைசியில் பெயிண்ட் ரிமூவர் டப்பாவைத் திறந்தாள். அடுக்கடுக்காக உரித்துப் பார்த்தால் தெரியாமலா போகும் என்று நினைத்தாள். ஒழுங்காக இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

களிம்பைத் தடவிக் கால் மணி நேரம் விட்டதும் வெண்ணெய் நிறம் சுருங்கிக் கொப்பளித்தது. தகட்டுக் கத்தியால் வழித்தாள். அடியில் பச்சை. இடது பக்கம் முழுக்க, பலகை பலகையாக அதே பச்சை வந்தது. அந்த ஓரத்தில் மெல்லிய கோடாகப் பார்த்தபோது அது ஏதோ ஒரு பச்சையாக இருந்தது. இப்போது ஒரு ஜன்னல் அளவுக்கு விரிந்ததும் அவள் கை நின்றது. அந்தப் பச்சை கடையில் கிடைக்காது. வாசல் படிக்கட்டுக்கு வாங்கி மிஞ்சிய பச்சையில், சமையலறைச் சுவரின் மிச்ச வெள்ளையைக் கலந்து, இன்னும் போதாமல் அடுப்புக்கு அடிக்கிற கறுப்பைக் கொஞ்சம் விட்டு, ஒரு குச்சியால் கலக்கினால்தான் அது வரும். அவித்த பட்டாணி நிறம். ஆஸ்பத்திரிச் சுவர் என்று ஹார்லன் கேலி செய்த நிறம்.

கதவைத் திறந்து ஹார்லனைக் கூப்பிட்டாள். அவன் காபிக் கோப்பையோடு வந்து, அவள் காட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டான். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கீழ் இழுப்பறையை வெளியே இழுத்து, கஷ்டப்பட்டுக் குனிந்து, உள்ளே கைவிட்டு வலது பக்கச் சட்டத்தைத் தடவினான்.

"இங்க பாரு" என்றான்.

இழுப்பறை ஓடுகிற சட்டத்தில் ஒரு மர அளவுகோலின் துண்டு ஆணியடித்திருந்தது. மாட்டுத்தீவனக் கடையில் சும்மா கொடுக்கிற மஞ்சள் அளவுகோல். பதினொன்றிலிருந்து இருபத்திரண்டு அங்குலம்வரை எண்கள் தெரிந்தன. தேய்ந்துபோன சட்டத்துக்கு முட்டுக்கொடுக்க அதை வெட்டி அடித்தது ஹார்லன்தான். ஆணியில் ஒன்று வளைந்திருந்தது, அது வளைந்தபோது அவன் சொன்ன கெட்ட வார்த்தைகூட வெர்னாவுக்கு ஞாபகம் வந்தது.

அவர்கள் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கிற அறையில் ஒன்பது வருஷம் இருந்த பெட்டி. அப்போது மேலே ஒரு தட்டு அடுக்கு இருந்தது, கால்கள் சதுரமாக இருந்தன. சலவை மெஷினுக்குப் பக்கத்தில், வெளிச்சம் வராத மூலையில், சோப்புத் தூளும் துண்டுகளும் வைக்கிற பெட்டியை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? மெஷின் மாற்றியபோது இடம் போதாமல் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அது லொரெட்டா இந்த ஊருக்கு வருவதற்கும் ஒரு வருஷம் முன்னால். அந்த ஒன்பது வருஷமும் கீழ் இழுப்பறை வலது பக்கம் சிக்கும். வெர்னாவின் இரண்டு கையிலும் துணி இருக்கும். அதனால் அவள் வலது முழங்காலால் அந்த ஓரத்தில் ஒரு தள்ளு தள்ளி மூடுவாள். ஒரு நாளைக்கு மூன்று தடவையோ நாலு தடவையோ.

லொரெட்டா பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் அவள் ஒன்றுமே செய்யவில்லை.

வெர்னாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். என் பெட்டியை வைத்தா என்னை ஜெயித்தாள் என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் யார் யார் கையோ மாறி வந்த பெட்டி முதலில் யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்றதும் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. அப்புறம் வந்ததுதான் மோசமானது. பதினோரு வருஷம் முட்டி தேய, விரல் தேய, உப்புத்தாள் வைத்துச் சாதிக்க முடியாததை அவளே செய்து வைத்திருக்கிறாள், ஈரத் துண்டுகளையும் ராத்திரிச் சாப்பாட்டையும் யோசித்துக்கொண்டு, அங்கே பார்க்காமலேயே. அந்த வெர்னா மேல் இந்த வெர்னாவுக்குப் பொறாமையாக இருந்தது. இப்படியும் ஒரு கேவலம் உண்டா என்று நினைத்தாள்.

ஹார்லன் களிம்பு வழித்த இடதுபக்கத்தைப் பார்த்தான். கீழ் இழுப்பறையிலும் பாதிவரை வழித்திருந்தது. வலது ஓரத்துக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

"மீதியையும் வழிக்கப் போறியா?"

அவள் டப்பாவை மூடினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வெள்ளை அலமாரி ஜன்னலுக்குப் போனது. ஐரீன் அதன்மேல் ஒரு கூடை ஆப்பிளை வைத்து, மேலிருந்து விளக்கைத் திருப்பிவிட்டாள். வெர்னா தெருவைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நான்கு மூலையிலும் இரண்டிரண்டு அங்குலம் தேய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லொரெட்டாவின் வேன் வாசலில் வந்து நின்றது. கையில் மூன்று தக்காளி, சீசனின் கடைசி, பாதி பச்சை. வழக்கம்போல் கதவைத் தட்டாமல் சமையலறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெர்னா காபி ஊற்றினாள்.

லொரெட்டாவுக்கு நிஜமாகவே சந்தோஷம். தன் பெட்டியும் விற்றுப் போயிற்று, ஜன்னலும் வெர்னாவுக்குக் கிடைத்தது, ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் நல்லது நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றாள். மூன்று வருஷமாக ரிப்பன் தனக்கே வந்துகொண்டிருந்தது தனக்குச் சங்கடமாகவே இருந்ததாம். வெர்னா தக்காளிகளை ஜன்னலோரம் வரிசையாக அடுக்கினாள்.

"யாரு வாங்கினான்னு ஐரீன் வாயே தொறக்கல" என்றாள் லொரெட்டா. "யாரா இருந்தாலும் சரி, அந்த ஓரத்துல மட்டும் கை வெச்சுரக் கூடாது. புதுசா பெயிண்ட் கியிண்ட் அடிச்சுத் தொலைச்சா நான் அழுதுருவேன்."

"எந்த ஓரம்?" என்று கேட்டாள் வெர்னா.

"கீழ் டிராயர்ல வலது பக்கம். நீகூடப் பாத்திருப்ப." லொரெட்டா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உனக்கு ஒண்ணு சொல்லவா? சிரிக்கக் கூடாது. அதை வாங்கின அன்னிக்கே தோணுச்சு, எவளோ ஒருத்தி இத வருஷக்கணக்கா முட்டியால தள்ளியிருக்கான்னு. பேர் தெரியாது, ஊர் தெரியாது. நானும் அதே மாதிரி நாலு பெட்டில போட்டுப் பாத்துட்டேன், உப்புத்தாள், துணி, என் முட்டிகூட. வரவே இல்ல வெர்னா. கடைல எல்லாரும் என்னக் கொண்டாடுறாங்க, நான் உள்ளுக்குள்ள அவளத்தான் நெனச்சுட்டு நிப்பேன். அவ மேல எனக்கு அவ்ளோ வயித்தெரிச்சல்."

வெர்னா சிரிக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அது நான்தான் என்று இரண்டே வார்த்தை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், உனக்கு எப்படித் தெரிந்தது என்று. அதற்குப் பதில் கொட்டகையில் பாதி உரிந்து நின்றுகொண்டிருந்தது. எழுந்து போய், குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த ஒரு கரண்டியைக் கழுவினாள்.

லொரெட்டா கிளம்பும்போது தாழ்வாரத்தில் ஹார்லன் உட்கார்ந்திருந்தான். ஏலத்தில் ஒரு கால் உடைந்த மேசை கிடைத்திருக்கிறது, பசை போட்டுப் பிடிக்க வேண்டும், அந்த நீளக் கிளாம்ப் ரெண்டு தர முடியுமா என்று அவனிடம் கேட்டாள். இந்தத் தடவை சீக்கிரம் திருப்பித் தருவாளாம்.

ஹார்லன் வெர்னாவைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த காபிக் கோப்பைக்குள் பார்த்தான். "கொட்டகைல மாட்டியிருக்கு" என்றான்.

லொரெட்டா படியிறங்கிப் போய்விட்டாள். வெர்னா பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போய், இரு, இருட்டா இருக்கும், நான் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே முந்திக் கதவைத் திறந்தாள். போர்வை பெட்டியின் மேல்தான் இருந்தது. ஆனால் ஹார்லன் அன்று இழுத்த கீழ் இழுப்பறையை யாரும் உள்ளே தள்ளவில்லை. போர்வைக்கு வெளியே நாக்கை நீட்டியதுபோல் நீட்டிக்கொண்டிருந்தது, பாதி பச்சை, பாதி வெண்ணெய், வழித்தபோது உதிர்ந்த பச்சைத் தூள் வலது ஓரம்வரை படிந்திருந்தது. லொரெட்டா வாசலிலேயே நின்றுவிட்டாள். வெளிச்சத்துக்குக் கண் பழக வேண்டுமே, பார்த்திருக்க மாட்டாள் என்று வெர்னா நினைத்தாள். நினைத்துக்கொண்டே சுவரிலிருந்து கிளாம்ப்களைக் கழற்றினாள். ஒவ்வொன்றும் ஆளுயர இரும்பு. இரண்டையும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு திரும்பியபோது இழுப்பறை வழியை மறித்தது.

அவள் யோசிக்கவில்லை. வலது கால் தானாக ஒரு அரை வட்டம் திரும்பியது. முழங்கால் போய் வலது ஓரத்தில் ஒட்டியது, கொஞ்சம் மேலே தூக்கி ஒரு தள்ளு தள்ளியது. அளவுகோல் மேல் மரம் உரசும் அந்தப் பழைய கீச்சுச் சத்தத்தோடு இழுப்பறை உள்ளே போய் மூடிக்கொண்டது.

சத்தம் அடங்கிய பிறகுதான் வெர்னாவுக்குத் தான் செய்தது தெரிந்தது. கையில் இரும்போடு அப்படியே நின்றாள். லொரெட்டா பெட்டியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. வெர்னாவின் நீல ஜீன்ஸில், முட்டிக்கு நேராக, உள்ளங்கை அளவுக்கு ஒட்டியிருந்த பச்சைத் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.